இருந்துட்டுப் போகட்டும்

“நீதான் எடுத்தே, நீயே திருப்பி வச்சிடு. ‘என் தவறு’ன்னு ஒரு மெயில் போடு, முடிஞ்சுது” என்றார் குழுத் தலைவர்.

அவளுக்குக் காதோரம் சுட்டது. அலுவலகத்தில் அவர் சார். வீட்டில் அக்காவின் கணவர், அத்தான். எழுதுகிற நிரலில் அடிக்கொரு ‘செக்’, அதாவது சோதனை, வைப்பதால் மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு.

அந்த அலுவலகத்தில் செய்வது இணையப் பெட்டிகள், அதாவது ரவுட்டர்கள். பெட்டியை இயக்கும் ஆதார மென்பொருளான கெர்னலுக்குள் ஒரு பேக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், எங்கே கிடக்கிறது என்று பாயின்டர் காட்டும். எதையும் காட்டாத பாயின்டரை ‘நல்’ என்பார்கள். அதைத் தொட்டால் பெட்டி செத்துவிடும். அதனால் தொடுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருமுறை போதும். பூட்டோ வாசலில் பார்த்ததைக் கூடத்திலும் பார்ப்பார், கூடத்தில் பார்த்ததை அடுக்களையிலும் பார்ப்பார். அந்த வீண் சோதனைகளை ஒவ்வொன்றாகத் தடம் பிடித்து நீக்கியவள் அவள். போன வாரம்தான் அவளுடைய அந்த மாற்றம் பொது நிரலில் சேர்ந்தது. நேற்று ஒரு வாடிக்கையாளரின் பெட்டிகள் நின்றுபோயின.

“நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துது. கை வச்சா, போச்சு” என்று பூட்டு, விசாரிக்க வந்து மேசைத் தலைப்பில் உட்கார்ந்திருந்த இயக்குநரம்மாவிடம் சொன்னார். “சின்னப் பொண்ணு, ஆர்வக்கோளாறு.”

ஆர்வக்கோளாறாம். காதோரம் நரைத்தவளுக்கு.

“நின்ன பெட்டியில எந்த வெர்ஷன் ஓடுது?” என்று கேட்டாள்.

எதிரே இருந்த சோதனைப் பிரிவுக்காரர் மடிக்கணினியைத் துழாவினார். “பழசுதாங்க. உங்க மாற்றம் இன்னும் வெளியவே போகல.”

“அப்போ சார் வச்ச செக் எல்லாம் அதுல இருக்கு.”

“ஒண்ணு விடாம இருக்கு.”

“இருந்தும் செத்திருக்கு. எந்த வரியில?”

சுவர்த் திரையில் வரி வந்தது. பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முதல் வரி பாயின்டரைத் தொடுகிறது. அடுத்த வரி, அது நல்தானா என்று விசாரிக்கிறது. கிணற்றில் குதித்துவிட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிற கதை.

“இதை உங்ககிட்டக் கேட்டேன் சார். ஒண்ணு இந்த செக் வேண்டாதது, இல்லேன்னா மேல் வரி தப்பு, எதுன்னு சொல்லுங்கன்னேன்.”

“எல்லாம் ஞாபகம் இருக்குமா?”

“‘இருந்துட்டுப் போகட்டும், உன்னையா கடிக்குது?’ன்னீங்க. இப்போ என்னைத்தான் கடிக்குது.”

சோதனைப் பிரிவுக்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

“சரி, மேலயும் ஒரு செக் போட்டுடலாம்” என்றார் பூட்டு. “மெயிலை மட்டும் அவ போடட்டும். வாடிக்கையாளருக்கு ஒரு பதில் வேணுமில்ல?”

இயக்குநரம்மா பேனாவை மூடினார். “மேல் வரியை எழுதினது யாரு?”

“யாரோ பழைய ஆளுங்க.”

ஒரு விசையைத் தட்டினால் வரிக்கு வரி எழுதியவர் பெயர் திரையில் வரும். அவள் விரல் விசைமேல்தான் இருந்தது. அக்காவின் முகம் குறுக்கே வந்தது. தட்டவில்லை.

“அத்தான், நீங்களே சொல்லிடுங்க.”

அந்த அறையில் அவரை அப்படி அவள் கூப்பிட்டதே இல்லை. பூட்டு தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“நான்தான்.”

“அப்போ மெயிலை நீங்க போடுங்க. அவங்க எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்” என்று எழுந்தார் இயக்குநரம்மா.

மாலை, படியிறங்கும்போது அக்கா அழைத்தாள்.

“ஊரைக் கூட்டி அத்தான்னு சொல்லி மானத்தை வாங்கிட்டியாமே. ஒரு மெயில்தானேடி. போட்டா நீ தேஞ்சா போயிடுவே?”

“அவர் தேஞ்சு போயிடுவாராக்கா?”

அக்கா போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ முணுமுணுத்தாள்.

“அவர் பக்கத்துலதானே இருக்கார்? மெயில் இன்னும் வரல. போட்டாரான்னு கேட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”