ஒல்லி வீட்டின் பக்கச் சுவர்

அந்த வீட்டின் அகலம் ஐந்தடி எட்டு அங்குலம். நீளம் முப்பதடி, உயரம் மூன்று அடுக்கு. அடுக்கி வைத்த பெரிய பெட்டிகளுக்கு இடையில் யாரோ ஒரு பலகையைச் செருகி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி, இரண்டு அகலமான வீடுகளுக்கு நடுவே அது நின்றது. வாசலில் நகராட்சி ஒரு பித்தளைப் பலகை அடித்திருந்தது. உலகத்தின் விசித்திர வீடுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் எங்கோ ஒரு மூலையில் இந்த ஒல்லி வீட்டுக்கும் இடம் கிடைத்துவிடும். ஒரு நாளைக்கு நூறு பேராவது எதிர்ச்சாரியில் நின்று படம் எடுத்தார்கள். அதற்குள் ஆள் குடியிருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

குடியிருந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தாள். கீழே முன்னறையும் சமையலறையும். பதினேழு இரும்புப் படிகள் ஏறினால் குளியலறையும் கழிப்பறையும். அதற்கும் மேலே படுக்கையறை. கல்யாணமாகி வந்த அன்றே முகம் தெரியாத நாலு பேர் அவளைப் படம் எடுத்தார்கள். அன்று அவளுக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

அவருக்கோ அது வற்றவே இல்லை. வீடு பிறந்த கதையை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லுவார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது பெரியப்பா வீட்டை முழுசாக எடுத்துக்கொண்டு, தள்ளுவண்டி போகிற பக்கத்துச் சந்து ஒன்றை மட்டும் தம்பிக்கு விட்டாராம். அந்தச் சந்திலேயே வீடு கட்டிக் காட்டுகிறேன் என்று அப்பா கட்டினாராம். அண்ணன் வீட்டுப் பக்கச் சுவரையே தனக்கும் சுவராக்கிக்கொண்டு, அதிலிருந்த ஆறு ஜன்னல்களையும் ஒற்றைச் செங்கல் வைத்து அடைத்தார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தும் ஐம்பது வருடமாக அது நின்றபடியே நின்றது. பெரியப்பா மகன் இப்போது அடுத்த வீட்டில் மனைவியோடு இருந்தார். சின்ன வயதில் ஒன்றாகப் பட்டம் விட்ட அண்ணனும் தம்பியும் தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், குளித்துவிட்டு ஈரக்காலோடு இறங்கிய மனுஷர் மேல்படியிலேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில் திரும்பவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து, முதல் மாடி ஜன்னலைக் கழற்றி, பீரோவை இறக்குவது போலக் கயிறு கட்டித்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது. தெருவே திரண்டு படம் எடுத்தது. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, கூட்டம் எவ்வளவு இருந்தது என்பதுதான். கயிறு முறுக்கேறி அவர் அந்தரத்தில் ஒரு சுற்று சுற்றியது மட்டும்தான் அவள் கண்ணில் நின்றது.

மூன்று மாதம் படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்னறையில் கட்டிலைப் போட்டாள். போட்ட பிறகு பக்கத்தில் ஒரு ஆள் நேராக நிற்க இடமில்லை. சமையலறைக்குப் போக வேண்டுமானால் ஒருக்களித்து நடக்க வேண்டும். தெரு ஜன்னலுக்குத் திரை போட்டாள். போட்டும் என்ன? திரை விலகிய இடத்தில் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு நாள் ஒருவர் பார்த்துவிட்டு, பொம்மை படுக்கவைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை அவள் காதால் கேட்டாள்.

காலையில் எழுந்ததும் பெட்பேனை எடுத்துக்கொண்டு பதினேழு படி ஏறுவாள். ஒரு கையில் அது, மறு கையில் கம்பி. கழுவிக்கொண்டு இறங்கி, வெந்நீர் வைத்து, அவரைத் துடைத்து, புரட்டி, விரிப்பு மாற்றி, கஞ்சி கொடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு ஆறு மணிக்கு வேலையில் நிற்பாள். அங்கேயும் விரிப்புதான். ஈரத்தில் ஊறிய ஆஸ்பத்திரி விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து வண்டியில் போடும்போது ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம் கனக்கும். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் மறுபடி பதினேழு படி. மேற்பார்வையாளர் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆபரேஷனின்போதே லீவெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட அலுப்பாக இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்படி ஐந்து வாரம் போனது. வாக்கரைப் பிடித்துக் கொஞ்சம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி அதையும் வாங்கி வந்தாகிவிட்டது, ஆனால் அதை வைத்து நடக்க வீட்டில் இடமில்லாமல் கட்டிலோரம் சாத்தியே கிடந்தது. அந்த வாரத்தில்தான், ஒரு பிற்பகல், முதுகில் பையோடு ஒரு வெளியூர் அம்மாள் கதவைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அறுபது வயதிருக்கும், பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளாம். வாசற்படியிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தவள், தான் பார்த்துவந்த வீடுகளின் படங்களை ஃபோனில் காட்டினாள். பூட்ஸ் மாதிரி ஒரு வீடு. கூரை கீழும் தரை மேலுமாக ஒரு வீடு. காலி பாட்டில்களை அடுக்கிக் கட்டியது ஒன்று. ஆற்றுக்கு நடுவே பாறை மேல் தனியாக உட்கார்ந்திருந்தது ஒன்று. கட்டிலிலிருந்து அவரும் கையை நீட்டி வாங்கிப் பார்த்து, நம்முடையதற்கு ஈடில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

அவள் அந்தப் பூட்ஸ் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யாராச்சும் படுத்த படுக்கையா கிடந்தா எப்படிங்க தூக்குவாங்க?" என்று கேட்டாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அதுல எல்லாம் யாரும் இல்லம்மா. டிக்கெட் கொடுத்துப் பார்க்கிற இடம். நான் இதுவரைக்கும் முப்பத்தொன்பது வீடு பார்த்திருக்கேன். உள்ள ஆள் இருக்கறது இது ஒண்ணுதான்."

டீச்சர் நன்றி சொல்லிப் போன பிறகும் அவள் வாசற்படியிலேயே இருந்தாள். மற்ற முப்பத்தெட்டு வீட்டிலும் ஒரு காலத்தில் ஆள் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கெல்லாம் புத்தி வந்து வெளியே போயிருக்கிறார்கள். எழுந்து, புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல் தடவையாக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தது ஓரகத்தி, அந்த வீட்டு அண்ணனின் மனைவி. பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, உள்ளே வரச்சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். கூடத்தின் மறுகோடியில் மூத்தார் ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தலையைத் தூக்கவில்லை. சுற்றி வளைத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை. உங்கள் கழிப்பறை கீழேயே இருக்கிறது, எங்கள் கட்டில் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் கிடக்கிறது, நடுவில் ஒரு கதவு வைத்துக்கொண்டால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவரே போய்வந்துவிடுவார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஓரகத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "காலையில பத்து மணிக்கு மேல உன் வீட்டுக்காரர் கூப்பிடுவாரு. எங்க சமையல்கட்டுல நல்லாக் கேக்கும். தண்ணி பாட்டில் உருண்டுடும் போல. நீ வேலைக்குப் போயிருக்கேன்னு தெரிஞ்சும் உன்னைத்தான் கூப்பிடுவாரு."

"கேட்டுட்டு என்ன பண்ணுவீங்கக்கா?"

"குழாயைத் திறந்து விட்டுக்குவேன், காதுல விழாம இருக்க." அதைச் சொல்லும்போது அவள் இவளைப் பார்க்கவில்லை.

ரேடியோ பக்கமிருந்து மூத்தாரின் குரல் வந்தது. "அவன் வாயைத் திறந்து கேக்கட்டும். ஒரு வார்த்தை கேட்டா போதும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கொதித்துப்போனார். அப்பா அடைத்த ஜன்னலை நானே திறப்பதா, அதற்குப் படுக்கையிலேயே செத்துப்போகிறேன், இந்தச் சுவர்தான் இந்த வீட்டுக்குப் பேரே வாங்கிக் கொடுத்தது என்று சத்தம் போட்டார். அவள் கட்டில் ஓரத்தில் இடம் இருந்த அளவுக்கு உட்கார்ந்தாள்.

"நீங்க தண்ணி கேட்டுக் கூப்பிடறது அவங்களுக்குக் கேக்குதாம். தினமும்."

ஐந்து வாரமாக யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சில நாள் அழுததும் உண்டு. அது அவளுக்கே தெரியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். அவள் வற்புறுத்தவில்லை. தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, பெட்பேனை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மறுநாள் நடந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் சலவைக் கூடத்தில் நீராவிக்கு நடுவே நின்றிருந்தாள். ஓரகத்தி பின்னால் பலமுறை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்குச் சுவரில் டொக் டொக் என்று சத்தம் கேட்டதாம். வாக்கரின் காலால் தட்டியிருக்கிறார். மூத்தாரும் ஓரகத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணே. ஒண்ணுக்குப் போகணும்ணே."

ஐம்பது வருடத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு அது. மூத்தார் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "இருடா, வர்றேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு இறங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்ச்சாரியில் குடைக்காரர் இருபது பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி தினமும் ஆட்களைக் கூட்டி வருகிற வழிகாட்டி அவர். இன்றைய தேதி வரைக்கும் இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று அவர் சொல்லும்போதே, அகல வீட்டிலிருந்து வந்த பெரியவர் ஒல்லி வீட்டுக்குள் நுழைந்தார். இரண்டு நிமிஷத்தில், தோளில் ஒரு கையும் வாக்கரில் ஒரு கையுமாகத் தம்பியை வெளியே நடத்திக்கொண்டு வந்தார். கதவுக்குக் கதவு பன்னிரண்டு எட்டுதான். அதைக் கடக்க அவர்களுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. நடுவழியில் தம்பி நின்று மூச்சு வாங்கினார். அண்ணன் அவர் வேட்டி முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டார். குடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டாராம். இருபது பேரில் இரண்டு பேர்தான் படம் எடுத்தார்கள். மற்றவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இரண்டு மணிக்கு அவள் வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் செங்கல் தூசி. பழைய ஜன்னல் இருந்த இடத்தை மூத்தார் கூட்டிவந்த கொத்தனார் ஒருவர் தரை வரைக்கும் இடித்துக்கொண்டிருந்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் அகலமான ஒரு கூடமும், அதில் நாற்காலியில் உட்கார்ந்து தட்டிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் கணவரும் தெரிந்தார்கள். அவருக்கு அவளை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "கதவுக்கு மேல கனமான கல்லு வைக்கச் சொல்லியிருக்கேன். சுவர் இறங்கிடக்கூடாது பாரு" என்றார், எல்லாம் அவர் யோசனை மாதிரி. அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். பெருக்கிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நகராட்சிக்கு விஷயம் போய், மூன்றாம் வாரம் ஓர் அதிகாரி அளக்கிற டேப்போடு வந்தார். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைக் கேட்காமல் இடித்தது தப்பு என்றார். இனி இதைத் தனி வீடு என்று சொல்ல முடியாது, பெரிய வீட்டின் ஓர் அறை என்றுதான் எழுத வேண்டிவரும் என்றார். அடுத்த மாதம் பித்தளைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பட்டியல்களிலிருந்தும் பெயர் மெல்ல மெல்ல விழுந்தது. அவர் நாலு நாள் துக்கம் வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் அண்ணனோடு ரேடியோவில் எந்த நிலையம் வைப்பது என்று சண்டை பிடித்துக்கொண்டு, அரை நாள் பேசாமல் இருந்து, சாயங்காலம் வாக்கரை நகர்த்திக்கொண்டு தானே போனார்.

பகை தீர்ந்ததில் சந்தோஷம்தானே என்று சலவைக் கூடத்தில் யாரோ கேட்டார்கள்.

"தீர்ந்துச்சா என்னன்னு எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிற ஆளுங்க இல்ல. எனக்கு முதுகுவலி பாதி குறைஞ்சிருக்கு" என்றாள்.

குறைந்த பாதி வலி போன இடத்தில் தூக்கம் வந்து உட்கார்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓரகத்திக்குக் கீரை ஆய்ந்து கொடுக்கலாம் என்று அந்தப் பக்கம் போனவள், கூடத்தில் பாயைப் பார்த்ததும் ஐந்து நிமிஷம் சாய்ந்துகொள்கிறேன் என்றாள். ஓரகத்தி கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இவள் கண்ணைத் திறந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ தலையணை வைத்திருந்தார்கள். சமையலறையில் நாலு தட்டு போடும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று நினைத்தபடியே மறுபடி தூங்கிப்போனாள்.