நிலைக்கு மேல் நாலு விரல்

சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரில் அடுக்கிய ஐந்தாவது மரத்தடிக்கும் ஆறாவது தடிக்கும் நடுவே உறைபனி வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. வெளியே என்றால் யாரும் கவலைப்படப் போவதில்லை. இது உள்ளே. மார்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வெண்ணெய்க் கத்தியை எடுத்து அந்தக் கோட்டில் வைத்து அழுத்தினாள். கத்தி பிடிவரை உள்ளே போனது.

அந்தத் தடி ஒவ்வொன்றையும் தோலுரித்தவள் அவள்தான். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே ஃபின்லாந்து வம்சத்துக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, அவளும் வெஸ்லியும் முதலில் கட்டியது சவுனா என்னும் நீராவிக் குளியல் குடிலைத்தான். பிறகு அந்தக் குடிலிலேயே படுத்து, அந்தக் குடிலிலேயே சமைத்து, மகள் ஐலாவையும் வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலத்தைத் தள்ளினார்கள். மூன்று பேரில் ஒருத்தர் திரும்பிப் படுத்தால் மற்ற இரண்டு பேரும் திரும்ப வேண்டும். அந்த இடநெருக்கடியில் வளர்ந்த ஆசைதான் இந்த வீடு. அதனால்தான் அதில் ஒரு குறை என்று சொல்லவே நாக்கு எழவில்லை அவளுக்கு.

தடிகளை அடுக்கிக் கட்டிய வீடு கட்டிய நாளோடு நிற்காது, இறங்கும். அடுப்புச் சூட்டில் மரம் காய்ந்து ஒவ்வொரு தடியும் துளித் துளியாக ஒடுங்க, சுவர் மொத்தமும் நாலு விரல் அளவு தாழ்ந்து வரும். கதவும் ஜன்னலும் தாழாது. அதனால் நிலைக்கு மேல் நாலு விரல் சந்து விட்டு, அதில் கம்பளி திணித்து, மேலே ஒரு பலகையால் மூடுவார்கள். அந்தப் பலகைக்கு மேல் ஓரத்தில் மட்டும்தான் ஆணி. சுவர் இறங்கும்போது பலகையும் கூடவே வழுக்கி இறங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். வெஸ்லிக்குத் தெரியாதா? கம்பளியை மார்லிஸ் திணிக்கத் திணிக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனே அவன்தான்.

ஆனால் இலையுதிர் காலத்தில் அவளுடைய அம்மா இடுப்பை முறித்துக்கொண்டாள். மார்லிஸ் விஸ்கான்சினுக்குப் போய் ஒரு மாதம் இருக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது உள்வேலை முழுவதும் முடிந்திருந்தது. பிர்ச் மரக் கதவுகள், தேன் நிறத்தில் தரை, ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் கண்ணாடி போல இழைத்த சட்டம். மச்சில் ஐலாவுக்கென்று தனி அறை, அதன் கதவில் அவள் பெயரைச் செதுக்கியிருந்தான். மார்லிஸ் வாசலிலேயே நின்று அழுதுவிட்டாள். நிலைக்கு மேல் விட்ட சந்து என்ன ஆயிற்று என்று கேட்க அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தோன்றியது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சமையலறைக் கதவின் மேல்பலகையைச் சின்னக் கடப்பாரையால் நெம்பினாள். மேலே மட்டும் இருக்க வேண்டிய ஆணி கீழேயும் இருந்தது. பலகை விலகியதும் உள்ளே பார்த்தாள். கம்பளியைக் காணோம். அந்த இடத்தில், அளந்து அறுத்து அடித்து இறுக்கிய ஓக் கட்டை இருந்தது.

கையிலிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த வெஸ்லி அப்படியே நின்றான்.

"என்ன வெஸ்லி இது?"

"முதல்ல கீழ இறங்கு, விழுந்து வைக்காத."

"கம்பளி எங்கன்னு கேக்குறேன்."

"எடுத்துட்டேன். காத்தடிச்சா அந்தப் பலகையெல்லாம் தடதடன்னு ஆடுது. அர்னி அண்ணன் வந்து பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'டேய் தம்பி, உன் வீட்டுச் சந்துல எலி குடும்பத்தோட லாரி ஓட்டிட்டுப் போகும்டா'ன்னான். ஊர்ல இருக்கிறவன் வீட்டுக்கெல்லாம் வேலை செஞ்சு குடுக்கிறேன், என் வீடு இப்படியான்னு ஆயிடுச்சு."

இதுதான் வெஸ்லி. ஊரிலேயே பேர்பெற்ற உள்வேலைத் தச்சன், அவன் போட்ட இணைப்பில் ஒரு விளையாட்டுச் சீட்டுக்கூட நுழையாது. விருந்துகளில் சட்டைப்பையிலிருந்து நிஜமாகவே ஒரு சீட்டை எடுத்து, முடிந்தால் நுழைத்துக் காட்டுங்கள் என்பான். சுவர் இறங்காத பலகை வீடுகளில் இருபது வருஷமாக அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கைதான் இங்கேயும் வேலை பார்த்தது. ஆடுவது எதுவும் அந்தக் கைக்குப் பொறுக்காது. நல்ல கைதான், யார் இல்லை என்றது?

"சுவர் இறங்குமே, எங்க போய் இறங்கும்?" என்றாள் மார்லிஸ்.

"இறங்காது. இதெல்லாம் நின்னபடியே செத்த மரம். காட்டுத்தீயில கருகி ஆறு வருஷம் நின்னுச்சு. இதுக்கு மேல காய என்ன இருக்கு?"

அவள் ஜன்னலோரம் போய், கத்தியை மறுபடி அந்த வெள்ளைக் கோட்டில் செருகிக் காட்டினாள். வெஸ்லியின் முகம் மாறியது. கீழ்த்தடிகள் காய்ந்து தாழ்ந்துவிட்டன. மேல்தடிகள் தாழ முடியாமல் ஓக் கட்டைகள் மேல் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே கூரை, கூரை மேல் ஒரு ஆள் உயரப் பனி. இதை ஒருத்தர் ஒருத்தருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

"எத்தனை கட்டை?"

"எல்லாத்துலயும்."

"மச்சுல, ஐலா ரூம் தடுப்புச் சுவர்?"

"அதையும் கூரையோட சேத்து இறுக்கிட்டேன்."

"புகைக்குழாய்? நடுவுல சுருங்கி நீள்ற மாதிரி ஒரு உறை போட்டோமே?"

"லொடலொடன்னு இருந்துச்சு. நாலு திருகாணி போட்டேன்." அவன் குரல் இறங்கியது. "எடுத்துடறேன் மார்லிஸ். எல்லாத்தையும் அறுத்து எடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை புது வீட்டு விருந்து மட்டும் போகட்டும். மொத்தப் பேரையும் கூப்பிட்டாச்சு. பிச்சுப் போட்ட வீட்டைக் காட்டி அவங்ககிட்ட ரொட்டியும் உப்பும் வாங்கச் சொல்றியா? அர்னி வாயில விழுந்து நான் எந்திரிக்கவா?"

வேண்டாம், இன்றைக்கே எடு என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி குடிலில் வந்து படு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவளும்தானே இரண்டு குளிர்காலம் காத்திருந்தாள்? அவளுக்கும்தானே அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது?

"திங்கள்கிழமை காலையில," என்றாள். "அதுவரைக்கும் குழந்தை கீழ நம்மகூடப் படுக்கட்டும்."

"சரி, உன் இஷ்டம்."

அன்றிலிருந்து அந்த வீடு பேச ஆரம்பித்தது. சூப் கொதிக்கும்போது எங்கோ 'டக்' என்னும். சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு வேறு மூலையில், முட்டி முறிப்பது போல ஒரு சத்தம். மார்லிஸ் கரண்டியைப் பிடித்தபடி நின்று அடுத்ததற்குக் காத்திருப்பாள். அது வராது. அவள் மறந்த பிறகு வரும்.

ஐலாவுக்கு மட்டும் கொண்டாட்டம். அவள் அறையில், கட்டில் தலைமாட்டில், இரண்டு தடிகளுக்கு நடுவே அவள் விரல் போகும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. வெஸ்லி அதில் சணல் திணித்து மறைப்பான். அவள் அதைப் பிடுங்கிப்போட்டுவிட்டு வாயை வைத்துக்கொள்வாள்.

"அப்பா, வீடு மூச்சு விடுது! ஜில்லுன்னு இருக்கு, வந்து பாரேன்."

"அத நோண்டாதன்னு எத்தன தடவை சொல்றது? அடி வாங்கப் போற நீ."

"நீ அடைச்சா அது எப்படி மூச்சு விடும்?"

அவன் மறுபடி சணலைத் திணித்தான். இந்தத் தடவை மரச்சுத்தியால் தட்டித் தட்டித் திணித்தான். மார்லிஸ் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே எச்சில் துப்பினால் உறையும் குளிர். வெஸ்லி விடிந்ததிலிருந்தே அடுப்பில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் கூடத்தில் நிற்க இடமில்லை. புது வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கப்படி ஆளுக்கு ஒரு ரொட்டி, ஒரு பொட்டலம் உப்பு. ஏலக்காய் ரொட்டி வாசனையும் காபி வாசனையும் சேர்ந்து வீடே மணத்தது. வந்தவர்கள் சட்டங்களைத் தடவிப் பார்த்தார்கள், கதவுகளைச் சாத்திச் சாத்திப் பார்த்தார்கள். அர்னி அண்ணன், மனைவி பின்னால் வர, வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எங்கடா தம்பி அந்த எலிச் சந்து? எலி லாரியை வித்துடுச்சா?"

கூடமே சிரித்தது. வெஸ்லி சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"நீயே பாருண்ணே. எங்க வேணா வை."

அர்னி நிலைச்சட்டம் நெடுக சீட்டை வைத்து வைத்துப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. "பாவி, சாதிச்சுட்டடா," என்று தம்பியின் தோளில் அறைந்தார். வெஸ்லிக்குத் தலைகால் புரியவில்லை. மார்லிஸ் அவனைப் பார்த்துச் சிரிக்கத்தான் முயன்றாள்.

"மேல போய் என் படத்த எடுத்துட்டு வந்து பெரியம்மாவுக்குக் காட்டப் போறேன்," என்று ஐலா அவள் பாவாடையை இழுத்துச் சொன்னது காதில் விழுந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மெத்தென்ற சத்தம். அப்பா செய்த கதவை அந்தச் சத்தத்துக்காகவே ஐலா சாத்துவாள்.

அப்போதுதான் சமையலறை நிலை வெடித்தது.

துப்பாக்கி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கதவு வளைந்து பிளந்தது. மேலே நின்ற சுவர் மொத்தமாக, ஒரு பெருமூச்சோடு, கீழே உட்கார்ந்தது. அலமாரியிலிருந்த கோப்பைகள் கலகலவென்று ஆடின. மேலே தகரம் நசுங்கும் சத்தம். அடுப்பு ஒரு தடவை இருமி, கூடத்துக்குள் புகையைத் துப்பியது.

"ஐலா!" மார்லிஸ் காபிப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினாள்.

கதவு அசையவில்லை. கூரை இறங்கித் தடுப்புச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தது. நிலை கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. உள்ளே குழந்தை இருமுவது கேட்டது. புகைக்குழாய் அந்த அறை வழியாகத்தான் கூரைக்குப் போகிறது. அது உள்ளே நசுங்கிப் பிளந்திருக்கிறது என்று மார்லிஸுக்குப் புரிந்தது.

"அடுப்புக் கங்க வாரி வெளிய கொட்டுங்கடா!" என்று கீழே அர்னி கத்தினார். "ஏணி எங்க? ஏணி!"

"சவுனாவுக்குப் பின்னால!" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள்.

வெஸ்லி தோளால் மோதினான், இன்னொரு தடவை மோதினான். கடப்பாரையைக் கொண்டுவந்து கதவோரத்தில் வைத்தான். நுனி வழுக்கியது. மேலே வைத்தான், கீழே வைத்தான், கீல் பக்கம் வைத்தான். நெம்ப வேண்டுமானால் நுனி நுழைய மயிரிழை இடமாவது வேண்டும். அவன் செய்த கதவில் அது எங்கே இருக்கிறது?

"நுழைய மாட்டேங்குது மார்லிஸ்," என்றான். குழந்தை மாதிரி அழுதான். "நுழைய மாட்டேங்குதே!"

உள்ளே இருமல் நின்றது.

மார்லிஸ் கீழே ஓடி விறகுக் குவியலிலிருந்து கோடாரியோடு வந்தாள். செதுக்கிய பெயரின் நடுவைப் பார்த்து ஓங்கி இறக்கினாள். வெஸ்லி கோடாரியை அவள் கையிலிருந்து பிடுங்கினான். தான் மூன்று நாள் இழைத்த பலகையை ஐந்தாறு வெட்டில் சிராய் சிராயாக்கினான். ஓட்டை வழியே கறுப்பாகப் புகை வந்தது. அவன் அதற்குள் தலையைக் கொடுத்து, தோளைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தான்.

கட்டில்மேல் அவள் இல்லை. கதவோரத்திலும் இல்லை. தரையைத் துழாவியபோது அவன் கையில் ஒரு பிடி சணல் அகப்பட்டது. கட்டில் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவே, முழங்காலை மடக்கிக்கொண்டு, தடிச் சந்தில் வாயை ஒட்டவைத்தபடி ஐலா உட்கார்ந்திருந்தாள். அவன் தட்டித் தட்டி அடைத்ததை விரல் நகம் பிய்ந்து ரத்தம் வரப் பிடுங்கியிருந்தாள். தூக்கப் பார்த்தான், அவள் வரவில்லை. உதடு பனியில் மரத்தோடு ஒட்டியிருந்தது. அவன் வாயால் ஊதி, சூடாக்கிப் பிரித்தெடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளியே பனியில் நின்றார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றிரண்டு பேர் கையில் இன்னும் ரொட்டி இருந்தது. அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய கங்கு பனியில் சீறிக்கொண்டிருந்தது. சவுனா வாசலில், கம்பளிக்குள் சுருண்ட ஐலாவை மடியில் வைத்துக்கொண்டு மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உதட்டில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. மூச்சு வந்தது. ஒவ்வொன்றாக வந்தது. மார்லிஸ் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அர்னி அண்ணன் தன் வண்டியிலிருந்து எந்திர ரம்பத்தை எடுத்து வந்து தம்பியிடம் நீட்டினார். அவர் வாயில் அன்றைக்குக் கேலி வரவில்லை. "நான் சிரிச்சிருக்கக் கூடாதுடா," என்று மட்டும் சொன்னார்.

வெஸ்லி உள்ளே போனான். ரம்பம் உறுமுவது கேட்டது. முதலில் கூடத்து ஜன்னல், பிறகு படுக்கையறை, பிறகு வாசற்கதவு. ஒவ்வொரு கட்டையையும் அறுத்துத் தள்ளத் தள்ள, சுவர் முனகியபடி ஒரு விரல் இறங்கும். கூரைப் பனி திட்டாகச் சரிந்து விழும். அடுத்தது எந்தப் பக்கம் இறங்கும், நின்று இறங்குமா, சாய்ந்து இறங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருப்பவனுக்கும் தெரியாது.

ஐலா கம்பளியிலிருந்து முகத்தை வெளியே நீட்டினாள்.

"அம்மா, வீடு விழுதா?"

"இல்லடி கண்ணு. உக்காருது."

"ஏன் முன்னாடியே உக்காரல?"

உள்ளே ரம்பம் ஒரு நொடி நின்றது. ஏதோ பெரிதாக முறிந்தது. மார்லிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரம்பம் மறுபடி உறுமியது.

"நாங்க விடல," என்றாள்.