மூன்று வாளி

“முதல்லை தலை. பிறகு வலப்பக்கம்.”

பாதி சாத்திய அறைக்கதவின் வெளியே நின்று துஷாந்தி தாளைப் பார்த்துப் படித்தாள். உள்ளே அவளுடைய அப்பா விக்னராஜாவும் தம்பி சிந்துஜனும் அவளுடைய மாமனாரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மொரிஸ் மாமா விடியற்காலை ஐந்தரைக்கு இறந்திருந்தார். இப்போது பத்தே கால். பதினொன்றுக்கு எமிலியானா வந்துவிடுவாள். கறுப்புக் கோட்டு, பட்டு வைத்துத் தைத்த சவப்பெட்டி, அதைத் தூக்க இரண்டு ஆட்கள், நாளை நான்கு மணிக்குத் தேவாலயத்தில் பூசை என்று எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே முடிவாகச் சொல்லியிருந்தாள். அவள் மாமாவின் மகள். தாயைப் போலக் கத்தோலிக்கம். மகன் ஜோசுவா, துஷாந்தியின் கணவன், இத்தாலியின் வடக்கே தூரினில் விமானத்துக்குக் காத்திருந்தான். “அப்பாக்குச் சொன்னதை எப்பிடியாவது செய்து முடி” என்று தொலைபேசியை வைத்துவிட்டான்.

மாமா யூதர். ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர். அவருடைய பாட்டனின் பாட்டன் அங்கே தங்கம் தோண்டப் போய், ஒரு குண்டுமணிகூடக் கிடைக்காமல், தோண்டுகிறவர்களுக்கு மண்வெட்டி விற்றுப் பிழைத்தாராம். யாராவது செத்தால் மற்றவர்கள் முதலில் அவன் சட்டைப்பையைத்தான் தடவுவார்களாம். “எங்கள் ஆட்களை ஒருவரும் தடவவில்லை. பையே வைக்காத வெள்ளைத் துணியில் சுற்றிவிடுவோம்” என்று மாமா சொல்லிச் சிரிப்பார். போன மாதம் சிரிக்காமல் இந்தத் தாளை எழுதி அவள் கையில் தந்தார். அந்தத் துணியை அவளே தைத்து வைத்திருந்தாள்.

ஆணை ஆண்கள்தான் கழுவ வேண்டும் என்று தாளில் இருந்தது. அவர்கள் இருந்த பலெர்மோவில் அந்தச் சடங்கு தெரிந்த யாரையும் அவளுக்குத் தெரியாது. செத்தவரைக் குளிப்பாட்டிப் பழகியவர் என்று அவளுக்குத் தெரிந்தது அப்பா ஒருவர்தான்.

“அப்பா, மெல்லமா. இது நீங்கள் கழுவுற படிக்கட்டு இல்லை,” என்றது சிந்துஜனின் குரல்.

“நீ வாயை மூடிக்கொண்டு துணியைப் பிடி. உடம்பைத் திறந்து வைக்கக் கூடாதெண்டு உன்ரை அக்கா சொன்னவள்.”

துஷாந்தி கடைசி வரிக்கு வந்தாள். “மூண்டு வாளி ஊத்தவேணும். ஒண்டு முடிய முன்னம் மற்றது விழவேணும். இடையிலை தண்ணி அறக்கூடாது.”

தண்ணீர் விழுந்து ஓய்ந்தது. துவட்டுகிற சத்தம் கேட்டது.

“அக்கா,” என்றான் சிந்துஜன். “அப்பா மாமாக்குத் திருநீறு பூசிப்போட்டார்.”

“கை தானாப் போட்டுது பிள்ளை. எத்தினை செத்த வீடு… துடைச்சாக் காணாதோ?”

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“காணாது. திரும்ப ஊத்துங்கோ. தலையிலையிருந்து.”

“பைப்பிலை தண்ணி நூல் மாதிரி வருது அக்கா.”

“வரட்டும். நிரப்புங்கோ.”

இரண்டாவது வாளி நிரம்பும்போது வாசல் கதவின் பூட்டில் திறப்புச் சுழன்றது. எமிலியானா கையில் கோட்டுடன் நேரே நடந்து வந்தாள்.

“ஆர் உள்ளை?” என்று இத்தாலிய மொழியில் கேட்டாள்.

“அப்பாவும் தம்பியும். மாமாவைக் கழுவினம். அவர்தான் எழுதித் தந்தவர்.”

எமிலியானா தாளை வாங்கவில்லை. “நாப்பது வருசம் அம்மாவோடை கோயிலுக்குப் போன மனுசன். சாகேக்கை யூதரோ?”

“நீங்கள் உள்ளை போவியள். அவர் வெளியிலை நிப்பார். நான் கண்டிருக்கிறன்.”

“நீ இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசம்தான்.”

“ஓம்.”

“விலகு.”

துஷாந்தி விலகவில்லை. எமிலியானாவின் கை அவள் தோளுக்கு மேலாகக் கதவில் பட்டது. உள்ளே விக்னராஜா மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“குறை நினைக்காதேங்கோ சம்பந்தி. அறிஞ்சு செய்யேல்லை. திரும்ப வடிவாச் செய்யிறம்.”

“ஆரோடை கதைக்கிறார்?”

“மாமாவோடை. மன்னிப்புக் கேக்கிறார்.”

“எதுக்கு?”

“பிழையாச் செய்ததுக்கு. எங்கடை ஆக்களுக்குச் செய்யிற மாதிரிச் செய்துபோட்டார்.”

கதவில் இருந்த கை அங்கேயே இருந்தது. கீழே பெட்டியோடு வந்தவர்கள் மணியடித்தார்கள். மறுபடியும் அடித்தார்கள். எமிலியானா சுவரில் இருந்த இன்டர்கொம்மை எடுத்தாள். துஷாந்தி தாளை இறுக்கிப் பிடித்தாள்.

“அஞ்சு நிமிசம்,” என்றாள் எமிலியானா. கொஞ்சம் பொறுத்து, “இல்லை, பத்து,” என்றாள்.

அவள் திரும்பி வந்து கதவோரம் நின்றாள். முதல் வாளி விழத் தொடங்கியது. அது மெலியும்போது இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். மெலிந்த சத்தத்தின் மேலேயே இரண்டாவது விழுந்தது.

கதவின் கீழால் தண்ணீர் வழிந்து வந்து எமிலியானாவின் சப்பாத்தைத் தொட்டது. அவள் காலை எடுக்கவில்லை. மூன்றாவதற்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.