பெரியவரின் படம் மட்டும்

காலை எட்டு மணிக்கே அக்காவின் போன். "உன் ஆப் மறுபடியும் படுத்துருச்சுடி. பத்து மணிக்கு நாயைத் தத்தெடுக்க ஆளுங்க வந்துருவாங்க!"

தங்கைக்குக் காரணம் தெரியும். அக்காவின் நாய்க் காப்பகத்துக்கு அந்த ஆப்பை எழுதி, கிளவுட்டில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் வைத்தவள் அவள்தான். ஓசி இடத்தில் காலை நீட்டிப் படுக்க முடியுமா? மெமரி 512 எம்.பி. தாண்டினால் ஆப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். தாண்டவைத்த புண்ணியவான் அத்தான். கல்யாணத்துக்குப் படமெடுக்கிற மனிதர், ஒவ்வொரு நாயையும் மணப்பெண்போல் எடுத்து, ஆளுக்கு முப்பது எம்.பி. என்று ஏற்றியிருந்தார். சின்னதாக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவசரத்துக்கு ஒரு வரி எழுதினாள்: இரண்டு எம்.பி.க்கு மேல் எந்தப் படத்தையும் திறக்காதே. ஆப் எழுந்துகொண்டது. அப்பாடா என்று குளிக்கப் போனாள். படம் இல்லாத நாயைப் பட்டியலில் காட்டாதே என்று தானே முன்பு எழுதியிருந்தது அவள் நினைவுக்கு வரவில்லை.

பதினொரு மணிக்குக் காப்பகத்துக்குப் போனதும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடி பண்ணித் தொலைச்ச? வர்றவங்க எல்லாம் பெரியவரையே கேக்குறாங்க!"

பெரியவர் பாதிக் காது போன, வாயெல்லாம் நரைத்த நாய். கேமராவைக் கண்டாலே உறுமுவார். அதனால் அக்கா தன் பழைய போனில் மங்கலாக எடுத்த படம்தான் அவருக்கு. அது அரை எம்.பி.கூட இல்லை. முப்பத்தாறு நாய்களில் அவர் மட்டும் திரையில் நின்றார்.

தங்கை மடிக்கணினியைத் திறந்தாள். அக்கா அதை மூடினாள். "மத்தியானம் வரைக்கும் கிடக்கட்டும்."

"என் படம் ஒண்ணுகூடத் தெரியலையே!" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க."

மூன்று வருடமாகப் பெரியவரை யாரும் கேட்டதில்லை. சாவதற்குள் அவர் ஒரு வீட்டில் படுத்துத் தூங்கிவிட வேண்டும் என்று அக்காவுக்கு அத்தனை ஆசை. ஆனால் வந்த மூன்று பேரும் அவரை நேரில் பார்த்ததும் குட்டிகளின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

நான்காவதாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "ஒண்ணுதான் இருக்குன்னு நெனச்சேன், இத்தனை இருக்கா!" என்று அவரும் குட்டிகளைப் பார்த்தார். பிறகு அவர் பெரியவர் முன்னால் குந்தி, படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போனை எடுத்தார். பெரியவர் உறுமினார்.

டிரைவர் சட்டென்று போனைப் பைக்குள் போட்டார். "சரி சரி, கோவிச்சுக்காதீங்க. எனக்கும் போட்டோன்னா ஆகாது."

உறுமல் நின்றது. பெரியவர் மெல்ல எழுந்து வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்தார்.

அரை மணியில் கையெழுத்தெல்லாம் முடிந்தது. காரின் முன்சீட்டில் ஏறிய பெரியவர் சாலையைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"மூணு வருஷம் சோறு போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல பாரு, நன்றி கெட்ட கழுதை!" என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன.