விலகிக்கொள்ளும் உரிமை

பெல்ஜியத்தில் மனித உரிமைச் சட்டம் முதுகலை படிக்கும் டெனில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சொந்த ஊரான பாறசாலைக்குக் கிளம்பியபோது உடம்பில் ஒரு கம்பளிக் கோட்டும் தலையில் கொஞ்சம் கனமும் இருந்தன. கோட்டை விமான நிலையத்திலேயே கழற்றிவிட்டான். தலைக்கனத்துக்குப் பொத்தான் கிடையாது.

ஆய்வுத் தலைப்பு 'தொழிலாளரின் ஓய்வுரிமை'. நூற்றுப்பத்துப் பக்கம் எழுதியிருந்தான். அதில் ஒரு தொழிலாளிகூட வாய் திறக்கவில்லை. உயிருள்ள ஒருவரிடம் பேட்டி எடுத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை என்று பேராசிரியை சொல்லிவிட்டார். டெனில் கலங்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நெய்க்கு அலைவார்களா? அம்பூரியில் அப்பா அருமநாயகத்துக்கு ரப்பர் தோட்டம் இருந்தது. அதில் இருபத்திரண்டு வருடமாகப் பால் வெட்டும் பொன்னப்பன் இருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டெனில் போனபோது, விடியுமுன்பே வெட்டு முடித்திருந்த பொன்னப்பன், சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். டெனில் தொண்டையைச் செருமிக்கொண்டு, தானே மொழிபெயர்த்த படிவத்தை வாசித்தான். "பங்கேற்பாளர் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். காரணம் கூறத் தேவையில்லை. விலகுவதால் அவருக்கு எந்தப் பாதகமும் நேராது."

பொன்னப்பன் வாளியைக் கீழே வைத்தார். "மக்கா, அதை இன்னொருக்க வாசி."

வாசித்தான். மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னார். தன் மொழிபெயர்ப்பின் அழகுதான் மனிதரை மயக்கிவிட்டது என்று டெனில் நினைத்துக்கொண்டான். அவன் புத்தி அவ்வளவுதான்.

கையெழுத்து ஆயிற்று. போனில் பதிவு ஓடியது.

"வாரத்துல எத்தனை நாளு ஓய்வு மாமா?"

"எனக்கா? மரத்துக்கு உண்டு மக்கா. இன்னைக்கு வெட்டின மரத்தை நாளைக்குத் தொடப்பிடாது, பட்டை கெட்டுப்போவும். அதுக்காக்கும் தோட்டத்தை ரெண்டு பாதியாட்டு வச்சிருக்கு. இன்னைக்கு இந்தப் பாதி, நாளைக்கு அந்தப் பாதி. எனக்கு ரெண்டு நாளும் வெட்டு உண்டு."

"ஞாயித்துக்கெழமை?"

"மொதலாளி சபைக்குப் போவாரு. மரம் போவாதுல்லா?"

டெனிலுக்கு உள்ளுக்குள் குதூகலம். பேராசிரியை எழுந்து நின்று கைதட்டுவது வரைக்கும் கற்பனை போய்விட்டது. "லீவு கிட்டாம நீங்க விட்டுப்போட்ட ஒரு நாளைச் சொல்லுங்க," என்றான்.

பொன்னப்பன் விரலில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருசம் முன்ன நீ பெல்ஜியம் போனேல்லா, அன்னைக்கு. எனக்க மவ ஸ்வப்னாவுக்கு நிச்சயம். வெட்டு முடிச்சிட்டு ஓடிரலாம்னு நின்னேன். பெட்டி தூக்க ஆளு வேணும்னு மொதலாளி விளிச்சாரு. உனக்க ரெண்டு பெட்டியையும் ஏர்போர்ட்டுல எறக்கிட்டு வீட்டுக்குப் போவும்ப, மாப்பிள வீட்டுக்காரங்க சாப்பிட்டுப் போயாச்சு."

அந்தப் பெட்டிகள் டெனிலுக்கு நினைவிருந்தன. ஒன்றில் பாதிக்குமேல் மனித உரிமைச் சட்டப் புத்தகங்கள். தூக்கியவரை நினைவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பதிவை நிறுத்தவில்லை. இப்படிப்பட்ட மேற்கோள் வேறு யாருக்குக் கிடைக்கும்?

"நாளைக்கு ஸ்வப்னாவுக்க பிள்ளைக்கு மொதச் சோறூட்டு," என்றார் பொன்னப்பன். "காலையிலயே கோயில்ல, எனக்க மடியில வச்சாக்கும் ஊட்டணும். அதனால நாளைக்கு வேலையில இருந்து விலகிக்கிடுதேன். அந்தத் தாளை நீயே மொதலாளிகிட்ட ஒருக்க வாசிச்சிரு மக்கா. உனக்க வாயால கேட்டா செரிம்பாரு."

அந்தத் தாள் பேட்டிக்கு மட்டும்தான், வேலைக்குப் பொருந்தாது என்று சொல்ல டெனில் வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்ததும், "செரி மாமா, நான் சொல்லிக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டான்.

மத்தியானம் அருமநாயகம் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். டெனில், கல்லூரியில் மாதிரி வழக்கு நடத்தி, ஐந்து நீதிபதிகள் முன்னால் முக்கால் மணி நேரம் வாதாடிக் கோப்பை வாங்கியவன்.

"அப்பா, நாளைக்குப் பொன்னப்பன் மாமாவுக்கு..."

"அவனுக்கு என்னலே?"

"வீட்டுல என்னமோ விசேஷமாம்."

"மார்கழிக் குளிருலயாக்கும் பால் நல்லா ஓடும். இப்ப ஒரு நாளு போனா போனதுதான்," என்ற அருமநாயகம், உடனே போனை எடுத்தார். "எலே பொன்னப்பா, நாளைக்கு வருவேல்லா?"

டெனில் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஓய்வு மனிதனின் உரிமை என்னும் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பிரகடனத்தின் இருபத்துநான்காம் பிரிவு அவனுக்கு மூன்று மொழிகளில் மனப்பாடம். ஒரு மொழியும் வாய்க்கு வரவில்லை. முள் எடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

போனில், "வாறேன் மொதலாளி," என்று கேட்டது.

"பாத்தியா, அவனுக்கு ஒரு விசேஷமும் இல்ல," என்றார் அருமநாயகம்.

சாயங்காலம் பேட்டியை அனுப்ப டெனில் மடிக்கணினியைத் திறந்தபோது பொன்னப்பன் அழைத்தார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மக்கா, நான் விலகிக்கிடுதேன்."

"வேலையில இருந்தா மாமா?" டெனிலுக்கு ஒரு நப்பாசை.

"வேலைக்கு வாறேன்னு சொல்லியாச்சே. உனக்க பேட்டியில இருந்து."

"மாமா, நாளைக்குள்ள அனுப்பலேன்னா எனக்கு ஒரு வருசம் போவும். ஏன் மாமா?"

"காரணம் சொல்லண்டாம்னு நீதானே வாசிச்ச," என்று பொன்னப்பன் போனை வைத்தார்.

டெனில் பதிவை அழித்தான். இந்த ஊரில் பொன்னப்பன் 'முடியாது' என்று சொல்லக்கூடியது தன் ஒருவனிடம் மட்டும்தான் என்பது புரிந்தபோது அவனுக்கு அழுகை வந்தது.