லுங்கிக்குள் கடம்பா

ராபர்ட்டைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு அடியில் அவன் நாய் கடம்பா காலையிலிருந்து படுத்திருந்தது. வலைக்குப் பக்கத்தில் குட்டியாகக் கிடந்தபோது கடம்பா மீன் மாதிரி வெளேரென்று இருந்ததால் ராபர்ட் வைத்த பெயர். யார் விரட்டியும் நகரவில்லை. ஆனால் ராபர்ட்டின் தம்பி ஜான், கோணிப்பை நிறையச் சரவெடியோடு சந்துக்குள் நுழைந்ததும் அதன் காதுகள் மடங்கியதை ராபர்ட்டின் பெண்டாட்டி லூர்துமேரி பார்த்தாள்.

அவர்கள் குப்பத்தில் யார் செத்தாலும் வீட்டு வாசலிலிருந்து கல்லறைவரை வெடி வெடிக்கும். கடலுக்குப் போய்வந்த மனுஷனுக்கு அதுதான் மரியாதை. முன்னொரு தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய கடம்பா, திருவான்மியூர் கடற்கரையில் பாதம் தேய்ந்துபோய்க் கிடைத்தது. அதற்கப்புறம் ராபர்ட் எந்தத் தீபாவளிக்கும் வெளியே வந்ததில்லை. உள்ளறைக் கதவைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, தன் லுங்கியால் நாயை இறுக்கச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஜன்னல் வழியாகக் கேலி செய்பவர்களிடம், "நான்தான் பயந்துக்கினு கீறேன், போங்கடா" என்பான்.

லூர்துமேரி ஜானைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வெடி வாணாம் ஜானு. மெயின் ரோடு தாண்டி வெச்சிக்க."

"இன்னா அண்ணி பேசுற? அண்ணன கம்முனு தூக்கினு போவ சொல்றியா? குப்பமே மூஞ்சில துப்பும்."

"கடம்பா தாங்காது."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கே உறைத்தது. புருஷன் வெளியே கிடக்கிறான்; பெண்டாட்டி நாயைப் பற்றிப் பேசுகிறாள். அது காதில் விழுந்து, மாலையோடு நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜான் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பாதர் வந்து ஜெபம் சொல்லி முடித்தார். உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். லூர்துமேரி குனிந்து ராபர்ட்டின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சில்லென்று இருந்தது. பிறகு ஐஸ் பெட்டிக்கு அடியில் கைவிட்டுக் கடம்பாவை அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

கொடியில் கிடந்த லுங்கியில் அவன் வாடை போகவில்லை. அவன் சுற்றுவதைப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒருநாளும் தான் சுற்றியதில்லை. தளர்ந்து போனது, அவிழ்த்து மறுபடி சுற்றினாள். ஃபேனைப் போட்டாள். சாவு வீட்டில் டிவியைப் போடக் கை வரவில்லை.

கதவைத் தட்டினான் ஜான். "அண்ணி, தூக்கப் போறோம். வா."

"தூக்குங்க. நான் சர்ச்சுக்கு வந்துர்றேன்."

"நாயிக்காவா?"

"அவுரு இருந்தா இப்ப இங்கதான் உக்காந்துனு இருப்பாரு ஜானு."

கதவுக்கு அந்தப் பக்கம் ஜானின் காலடிச் சத்தம் விலகிப்போனது. பிறகு பேண்டு கிளம்பியது. லூர்துமேரி நாயின் காதுகளைப் பொத்திக்கொண்டு, முதல் வெடிக்காகப் பல்லைக் கடித்தபடி காத்திருந்தாள். பேண்டு சத்தம் சந்து முனைக்குப் போனது, திரும்பியது, தேய்ந்தது. வெடி வரவில்லை. வெகுநேரம் கழித்து, மெயின் ரோட்டுக்கு அப்பால் எங்கோ, தரையில் கொட்டிய பட்டாணி மாதிரி சன்னமாகப் பொரிந்தது. கடம்பா ஒருமுறை உதறிக்கொண்டு அவள் முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை நாய் அசையவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சந்தில் யாருமில்லை. தரை நெடுக ரோஜாவும் சாமந்தியும் மிதிபட்டுக் கிடந்தன; வெடிக் காகிதம் ஒரு துண்டுகூட இல்லை. சர்ச்சுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினாள். அதற்குள் கடம்பா, அவிழ்ந்த லுங்கியை இழுத்தபடியே, பூக்களை ஒவ்வொன்றாக மோந்துகொண்டு சந்து முனைவரை போயிருந்தது. அங்கே நின்று, மூக்கில் ஒட்டிய சாமந்தி இதழோடு அவளைத் திரும்பிப் பார்த்தது.