இஞ்சினியர் அம்மா

எனக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க இடம் கிடைத்த வாரமே, அம்மா சர்ச் மேடையேறி மைக்கைப் பிடித்து, மகள் இஞ்சினியரிங் படிக்கப்போவதாகச் சாட்சி சொல்லிவிட்டாள். சபையே எழுந்து ஆடியது. மறுநாளிலிருந்து நைஜீரியாவின் எங்கள் பெனின் நகரச் சந்தையில் அவளுக்கு 'இஞ்சினியர் அம்மா' என்று பெயர். தக்காளிக்காரி ஒரு கை கூடுதலாகவே அள்ளிப் போட்டாள்.

தெருவில் நானும் 'இஞ்சினியர்' ஆனேன். பக்கத்து வீட்டு ஒசாரெதின் மாமா, ஜெனரேட்டர் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார். நானும் போய் அதைத் தட்டிப் பார்ப்பேன். வெள்ளைக்காரன் எங்கள் பெனின் ராஜாவின் அரண்மனையை எரித்த கதையைக் கேட்டால் விடிய விடியச் சொல்வேன். அதை எவன் கேட்டான்?

ஒரு வருஷம் பொறுத்தேன். பிறகு துறை மாற விண்ணப்பித்தேன்.

"வரலாறுல நல்ல மார்க் வாங்கியிருக்கியேம்மா, இது எதுக்கு?" என்றார் இஞ்சினியரிங் டீன்.

"துறைய மாத்திரலாம் சார். எங்கம்மாவ மாத்த முடியாது," என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்னையும் எங்கம்மாதான் இங்க கொண்டாந்து விட்டாங்க," என்று கையெழுத்துப் போட்டார். "முதல் வருஷத்துலேர்ந்து படிக்கணும்."

வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா, நான் நெஜமாவே இஞ்சினியரிங் சேர்ந்துட்டேன்!"

"அடிப்பாவி, யாரைக் கேட்டுடி சேர்ந்தே?" என்று கத்தினாள். "சர்ச்சுல இப்ப எவளப் பாத்தாலும் இஞ்சினியர் அம்மாதான். போன ஞாயித்துக்கிழமதான் நீ டாக்டருக்குப் படிக்கறேன்னு சாட்சி சொல்லிட்டு வந்தேன்!"